கொடைக்கானல் மேல்மலைக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

கொடைக்கானல் போய் வந்தவர்களிடம், நகரத்தைத் தாண்டி இருக்கும் மேல்மலைப் பகுதியின் பூம்பாறை கிராமத்தைப் பற்றிக் கேட்டால், "ஒரே மூடுபனி, ஒன்றுமே தெரியவில்லை" என்று பலர் சொல்வார்கள். போன நேரம்தான் அங்கே தவறு. காலையில் தூண் பாறை, குணா குகை, பைன் காடு, ஏரியில் படகு என்று எல்லாவற்றையும் முடித்துவிட்டு, மிச்சம் இருக்கும் மாலைப் பொழுதில் மேல்மலைப் பக்கம் வண்டியைத் திருப்புகிறார்கள். மதியத்துக்கு மேல் மேகம் ஏறிவிட்டால் எதிரே இருக்கும் மலைகூடத் தெரியாது.

நகரத்திலிருந்து பூம்பாறை சுமார் 20 கி.மீ., அதற்கு அப்பால் இருக்கும் மன்னவனூர் கிராமம் சுமார் 35 கி.மீ. சமவெளிக் கணக்கை இங்கே போடாதீர்கள். வளைந்து வளைந்து போகும் குறுகிய சாலை அது. மேல்மலைக்கென்று ஒரு முழு நாளை ஒதுக்கி, விடிந்ததும் கிளம்புங்கள். அதற்காக நகரத்து இடங்களில் இரண்டு மூன்றை விட்டுவிட்டாலும் நஷ்டமில்லை என்பேன்.

இன்னொரு தவறு, வரைபடத்தைப் பார்த்துவிட்டு "அப்படியே மூணாறு போய்விடலாம்" என்று திட்டம் போடுவது. பேரிஜம் வழியாகப் போன அந்தப் பழைய சாலையில் இப்போது பொதுப் போக்குவரத்து கிடையாது. மலையிலிருந்து இறங்கி, தேனி, போடி என்று சுற்றித்தான் போக வேண்டும். பேரிஜம் ஏரிக்கே வனத்துறை அனுமதி வேண்டும், அதுவும் குறைந்த எண்ணிக்கை வண்டிகளுக்குத்தான் கிடைக்கும். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல், கொடைக்கானலுக்கு வண்டியில் வர இணையத்தில் முன்கூட்டியே எடுக்கும் இ-பாஸ் நடைமுறையும் இருக்கிறது. அறையைப் பதிவு செய்யும்போதே அதையும் எடுத்துவிடுங்கள். 5 லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் பாட்டில்களுக்குத் தடை உண்டு, வீட்டிலிருந்தே ஸ்டீல் பாட்டில் கொண்டு போவது நல்லது.

சரி, கிராமத்துக்கு வருவோம். என்னை அதிகம் வருத்துவது இங்கே நடப்பதுதான். பூம்பாறையின் அடுக்கடுக்கான வயல்களை மேலிருந்து பார்க்கும்போது பச்சைப் படிக்கட்டு மாதிரி இருக்கும். போட்டோ எடுக்க ஆசை வருவது இயல்பு. ஆனால் இளம் பூண்டுப் பயிர் நகரத்துக் கண்ணுக்குப் புல்லாகத் தெரியும். புல்தானே என்று குடும்பத்தோடு உள்ளே இறங்கிவிடுகிறார்கள். சரிவில் வெட்டிய வயலுக்கு அதன் விளிம்புதான் பலம். அது மிதிபட்டு உடைந்தால் அடுத்த மழையில் மேல்மண் கீழ் வயலுக்கு ஓடிவிடும். அதைத் திரும்ப ஏற்றுவது ஒருவருடைய பல நாள் உழைப்பு. வரப்பில்கூடக் கேட்டுவிட்டு நடங்கள். களை எடுக்கும் பெண்களை அனுமதி இல்லாமல் படம் பிடிக்காதீர்கள். "எடுக்கலாமா அக்கா?" என்று கேட்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்? அப்புறம் வண்டி. காட்சி நன்றாக இருக்கிறது என்று வளைவிலேயே நிறுத்தினால், சந்தைக்குக் காய்கறி ஏற்றிப் போகும் லாரியும் அரசுப் பேருந்தும் அங்கேயே நின்றுவிடும்.

கொடைக்கானல் மலைப்பூண்டு 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. அந்தப் பெயரைச் சொல்லி யார் எதை விற்றாலும் வாங்கிவிடாமல், முடிந்தவரை விளைவிப்பவர்களிடமே கேட்டு வாங்குங்கள். காரமும் மணமும் தூக்கலாக இருக்கும். வாங்கியதை பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் வியர்த்துக் கெட்டுவிடும். தண்டோடு கொத்தாகக் காற்றுப் படும் இடத்தில் தொங்கவிடுங்கள்.

மன்னவனூரில் இருக்கும் மத்திய அரசின் செம்மறி ஆட்டு ஆராய்ச்சி மையத்தைப் பூங்கா என்று நினைத்துப் போகிறவர்களும் உண்டு. அங்கே ஆடுகளும் முயல்களும் ஆராய்ச்சிக்காக வளர்க்கப்படுகின்றன. கையில் இருப்பதையெல்லாம் ஊட்டிவிடக் கூடாது.

திரும்புவதை இருட்டும்வரை தள்ளிப்போடாதீர்கள். இறக்கத்தில் பிரேக்கையே நம்பாமல் கியரைக் குறைத்து ஓட்டுங்கள், ஏறி வரும் வண்டிக்கு வழி விடுங்கள். பொழுது சாய்ந்தால் காட்டெருமைகள் சாலைக்கு வரும். சாதுவாகத்தான் நிற்கும், ஆனால் ஹாரன் அடித்தாலோ செல்ஃபிக்காக இறங்கி நெருங்கினாலோ பாய்ந்துவிடும். தள்ளியே வண்டியை நிறுத்தி, உள்ளேயே இருங்கள். கூட்டம் முழுவதும் சாலையைக் கடந்த பிறகு கிளம்பலாம்.