ஐந்தாண்டுப் பதவியும் ஏரியின் ஆயுளும்: கிராம சபைத் தீர்மானம் எழுதும் முறை

ஏரி ஒரே ஆண்டில் தூர்ந்துபோவதில்லை. வண்டல் படிவதும், வரத்துக்கால்வாய் குறுகுவதும், நீர்பிடிப்புக்குள் ஒவ்வொரு வீடாக எழும்புவதும் இருபது முப்பது ஆண்டுகளில் நடப்பவை; ஊராட்சித் தலைவரின் பதவிக்காலமோ 5 ஆண்டுகள். ஆக்கிரமிப்பை அகற்றினால் இந்தத் தேர்தலிலேயே வாக்கு குறையும், அகற்றாமல் விட்டதால் புகும் வெள்ளம் வேறொருவரின் காலத்தில் புகும். இந்தக் கணக்கை மாற்ற ஊர்மக்களிடம் உள்ள கருவி கிராம சபைத் தீர்மானம்.

முதலில் ஏரி யார் பொறுப்பில் உள்ளது என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். தமிழ்நாட்டில் பொதுவாக 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு (ஏரி நீர் பாயும் பாசன நிலம்) உள்ளவை நீர்வளத்துறையிடமும், குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கும். சர்வே எண்ணைக் கொண்டு அ-பதிவேட்டில் (வருவாய்த்துறையின் நிலப் பதிவேடு) பரப்பையும் புலப்படத்தில் (நில அளவை வரைபடம்) எல்லையையும் குறித்துக்கொள்ளுங்கள். கடைசியாக எப்போது தூர்வாரினார்கள், எவ்வளவு செலவானது என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி கேளுங்கள். பதிலுக்கு 30 நாள் ஆகலாம் என்பதால் முன்கூட்டியே மனு கொடுப்பது நல்லது.

உலக நீர் நாளான மார்ச் 22 அன்று கூடும் சபை இதற்கு ஏற்றது. "ஏரியைத் தூர்வார வேண்டும்" என்று மட்டும் எழுதினால் அது எவரையும் கட்டுப்படுத்தாது. பதிவேட்டிலுள்ள பரப்பு, இன்று எஞ்சியுள்ள பரப்பு, பழுதான மதகு, அடைபட்ட கால்வாயின் நீளம், செய்ய வேண்டிய அலுவலரின் பதவிப்பெயர், முடிக்க வேண்டிய மாதம் ஆகிய அனைத்தும் தீர்மானத்தில் இடம்பெற வேண்டும். நீர்பிடிப்பில் குடியிருக்கும் ஏழைக் குடும்பங்களுக்கு மாற்று இடம் தர வேண்டும் என்பதையும் அதே தீர்மானத்தில் சேருங்கள். அதை விட்டுவிட்டு அகற்றக் கோருவது நியாயமன்று.

இதனினும் முக்கியமானது, ஒவ்வோர் ஆண்டும் ஏரிக் கணக்கைச் சபையில் வாசிக்க வேண்டும் என்னும் வாசகம். சோழர் கால உத்திரமேரூர்க் கல்வெட்டு கூறும் ஏரி வாரியத்தாரின் (ஏரியைப் பராமரித்த ஊர்க் குழுவினரின்) பதவிக்காலம் 360 நாட்கள்தான். ஆனால் வாரியப் பொறுப்பு வகித்துக் கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் குடவோலைக்கு (பெயர் எழுதிய ஓலையைக் குடத்திலிருந்து எடுக்கும் தேர்தலுக்கு) தகுதியற்றவர் என விதி இருந்தது. பதவிக்காலம் குறுகியது என்பதை விட, கணக்குக் கேட்பார் இல்லை என்பதே இன்றைய குறை என்று நான் கருதுகிறேன்.

தீர்மானம் பதிவேட்டில் ஏறியதைப் பார்த்த பின்பே கையொப்பமிட்டு, நகல் பெற்றுக்கொள்ளுங்கள். தலைவர் மாறினால், புதியவரின் முதல் கிராம சபையிலேயே அந்த நகலை வாசித்து, நிலுவையிலுள்ள பணிகளை அவர் பெயரில் மீண்டும் பதியச் செய்யுங்கள்.