வன்னித் தோட்ட மண்ணில் வட்டப்புழுவைப் பிரித்தெடுத்து உடலமைப்பைப் பார்த்தல்

வட்டப்புழு என்றதும் பாடசாலையில் கொடுக்கும் பூச்சிக் குளிசையே பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் மனிதக் குடலில் 35 செ.மீ. வரை வளரும் அசுக்கரிசின் பெண்புழுவும், கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ உள்ள ஒரு கத்தரிப் பாத்தியில் வாழும் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த புழுவும் ஒரே உடற்திட்டத்தைக் கொண்டவை. ஆகவே அந்தச் சிறிய புழுவைக் கொண்டே பாடத்தைத் தொடங்கலாம்.

முதற் படி, மண் எடுத்தல். கோடையில் காய்ந்து இறுகிய செம்மண்ணில் புழுக்கள் பெரும்பாலும் அசைவற்றுக் கிடக்கும் என்பதால், மாரியிலோ நாளாந்தம் நீர் இறைக்கும் பாத்தியிலோ வேரடியில் 10 முதல் 20 செ.மீ. ஆழத்தில் ஈரமண் எடுங்கள். மலசலகூடத்தை அண்டிய இடத்தைத் தவிர்த்து, கையுறையும் செருப்பும் அணிந்துகொள்ளுங்கள். கொக்கிப்புழுவின் குடம்பி தோலைத் துளைத்து உட்புகக்கூடியது.

இரண்டாம் படி, பிரித்தெடுத்தல். பிளாஸ்ரிக் வடிதட்டில் மெல்லிய ரிஷூத் தாளை இரண்டாக மடித்து விரித்து, கட்டிகளை உதிர்த்த மண்ணை மெல்லிய படையாகப் பரப்புங்கள். அதை ஒரு கோப்பைத் தட்டில் வைத்து, மண்ணின் அடி நனையும் வரை மட்டும் ஓரமாக நீர் ஊற்றி ஒரு நாள் அசைக்காமல் விடுங்கள். புழுக்கள் தாளின் ஊடாக நெளிந்து நீருக்குள் வந்து, எதிர்நீச்சலிட வலிமையின்றி அடியில் தங்கும். 1917 இல் பேர்மன் என்ற ஆய்வாளர் விவரித்த புனல் முறையும் இதே அடிப்படையைக் கொண்டதே. புனல் இல்லாத வீட்டில் தட்டே போதும்.

மூன்றாம் படி, பார்த்தல். வடிதட்டை நீக்கி, நீரை உயரமான கண்ணாடிக் குவளையில் ஊற்றிச் சில மணிநேரம் தெளியவிட்டு, அடியிலிருந்து ஒரு துளியை வழுக்கியில் இட்டு நுணுக்குக்காட்டியின் குறைந்த உருப்பெருக்கத்தில் பாருங்கள். பெயர்களை மனனம் செய்வதற்கு முன், அசைவைப் பொறுமையாகக் கவனிக்குமாறு வலியுறுத்துவேன். உடலின் உள்ளமைப்பில் பாதி அந்த அசைவிலேயே வெளிப்படுகிறது. புழு வளைந்து நெளியுமே தவிர, மண்புழுவைப் போல நீண்டு சுருங்காது. அதற்கு நீள்தசைகள் மட்டுமே உண்டு, வட்டத்தசைகள் இல்லை. உடற்சுவருக்கும் குடலுக்கும் இடையிலுள்ள வெளியான போலி உடற்குழியிலுள்ள பாய்பொருள் உயர்ந்த அமுக்கத்தில் இருப்பதால் உடல், காற்றடித்த சைக்கிள் ரியூப்பைப் போல விறைத்து நிற்கிறது. ஒரு பக்கத் தசை சுருங்கினால், அந்த விறைப்பே உடலை மீண்டும் நிமிர்த்துகிறது. இன்னொன்று: வழுக்கியில் புழு பக்கவாட்டில் கிடப்பதால், இடமும் வலமுமாகத் தோன்றும் நெளிவு உண்மையில் முதுகுப் பக்கமும் வயிற்றுப் பக்கமுமான வளைவே.

உருப்பெருக்கத்தைக் கூட்டினால், இரு முனையும் ஒடுங்கிய, துண்டமற்ற, வழுவழுப்பான உடலும், வாயில் தொடங்கி மலவாயில் முடியும் நேர்க்குழாயான உணவுக்கால்வாயும் தெரியும். துண்டங்களும் மயிர்முட்களும் தெரிந்தால், அது வட்டப்புழு அல்ல, மண்புழுவுக்கு உறவான வேறொரு சிறு புழு. வாயினுள் ஊசி போன்ற உறுப்பு தென்பட்டால், அது வேரை உறிஞ்சும் வகையாக இருக்கலாம். குருதிக் கலன்களையும் சுவாச உறுப்புகளையும் தேடவேண்டாம், அவை இல்லை. பெரும்பாலான இனங்களில் ஆணும் பெண்ணும் வேறுவேறு. வளைந்த வாலில் இரு முட்கள் தெரிந்தால் அது ஆண். வெளியே உள்ள புறத்தோலை ஒவ்வொரு புழுவும் வளர்ச்சியின்போது நான்கு முறை கழற்றுகிறது.

பார்த்து முடிந்ததும் மண்ணையும் நீரையும் வேறு பாத்தியில் கொட்டாமல் கொதிநீர் ஊற்றி அகற்றுங்கள்; வேர்முடிச்சுப் புழு அதில் இருந்தால் அடுத்த கத்தரிக்கும் தக்காளிக்கும் பரவிவிடும்.