பாளையங்கோட்டை அடுப்பில் டெக்சாஸ் சில்லி

டெக்சாஸ் சில்லி என்பது அமெரிக்காவின் டெக்சாஸில் மிளகாய் வத்தலும் மாட்டுக்கறியும் போட்டு வைக்கும் கெட்டிக் குழம்பு. அதில் பீன்ஸ் (ராஜ்மா மாதிரிப் பயறு) கிடையாது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். டெக்சாஸின் டெர்லிங்குவா என்ற ஊரில் 1967இல் தொடங்கி இன்றும் நடக்கும் சில்லி சமையல் போட்டியிலும் பீன்ஸ், அரிசி, பாஸ்தா எதையும் சேர்க்க விடுவதில்லை.

மேலப்பாளையத்துக்குக் காலையிலேயே போய் ஒரு கிலோ மாட்டுக்கறி வாங்குங்கள். கொழுப்பும் சவ்வும் கலந்த முன்தொடைதான் சரி. கொத்துக்கறி வேண்டாம், அரை அங்குலத் துண்டாகக் கேளுங்கள்.

டெக்சாஸில் ஆஞ்சோ, குவாஹியோ என்ற மிளகாய் வத்தல் போடுவார்கள். நமக்குக் காஷ்மீரி வத்தல் 10, காரத்துக்குச் சம்பா வத்தல் 3. விதையை உதறி, வெறும் சட்டியில் லேசாக வாட்டுங்கள். வாசம் எழும்பி, தோல் உப்பி வந்ததும் இறக்கிவிட வேண்டும். கருகினால் சட்டி முழுக்கக் கசப்புதான். வெந்நீரில் அரை மணி நேரம் ஊறட்டும், அப்புறம் திப்பி இல்லாமல் அரையுங்கள்.

கறியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுச் சிவக்க வறுங்கள். மொத்தமாகக் கொட்டினால் நீர் விட்டு அவிந்துவிடும். அதே சட்டியில் வெங்காயம், பூண்டு, 2 தேக்கரண்டி வறுத்த சீரகப்பொடி, கொஞ்சம் ஓரிகானோ, உப்பு. விழுதும் தண்ணீரும் ஊற்றி, சிறுதீயில் இரண்டரை மணி நேரம். தயவுசெய்து குக்கர் வேண்டாம். சவ்வு மெல்லக் கரைந்து, குழம்பு வற்றிக் கெட்டிப்பட வேண்டும். தேங்காய்ப் பக்கம் கை போகவே கூடாது. கடைசியில் ஒரு கரண்டி மக்காச்சோள மாவைக் கரைத்து விடுங்கள்.

போட்டிக்கென்றால் வெங்காயத்துக்குப் பதில் வெங்காயப்பொடி. நடுவர்கள் நிறம், மணம், பதம், சுவை, பின்சுவை பார்ப்பார்கள். மேலே மல்லித்தழைகூடத் தூவக் கூடாது. வீட்டிலோ, தாராளமாகப் பரோட்டாவோடு சாப்பிடலாம்.