விமானப் பராமரிப்பு வேலை: சம்பளத்தை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள்

ஏ.எம்.இ. (விமானப் பராமரிப்புப் பொறியியல்) முடித்துவிட்டு வருகிற தம்பி தங்கைகள் முதலில் கேட்பது "அண்ணா, கைக்கு எவ்வளவு வரும்?" என்றுதான். கேட்க வேண்டிய கேள்வி, தப்பே இல்லை. ஆனால் ரோஸ்டர், அதாவது எந்த நாள் எந்த ஷிஃப்ட் என்ற பட்டியல், எப்படி இருக்கும் என்று அதே மூச்சில் கேட்பவர்கள் மிகக் குறைவு, நான் பார்த்ததிலேயே அதிகம் பேர் செய்கிற, அதிக வருத்தம் தருகிற தவறு அதுதான்.

ஒரு கணக்குப் போடுவோம். இரண்டு கம்பெனி, இரண்டிலும் 12 மணி நேர ஷிஃப்ட். ஒன்றில் 4 நாள் வேலை, 2 நாள் ஆஃப். இன்னொன்றில் 2 பகல், 2 இரவு, அப்புறம் 4 நாள் ஆஃப். முதலாவதில் 6 நாளுக்கு 48 மணி நேரம், அதாவது வாரத்துக்கு 56. இரண்டாவதில் அதே 48 மணி நேரம் 8 நாளில் பரவுகிறது, வாரத்துக்கு 42 தான். வாரம் 14 மணி வித்தியாசம், வருஷத்துக்கு 700 மணிக்கு மேல் போகிறது. முதல் கம்பெனி மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகக் கொடுத்தால்தான் ஒரு மணி நேர உழைப்புக்கு இரண்டு இடத்திலும் ஒரே கூலி. ஷிஃப்ட் முடிந்தபின் அடுத்த ஷிஃப்ட்காரரிடம் ஹேண்ட்ஓவர் கொடுக்க ஆகும் நேரம், தாம்பரத்துக்கு அப்பால் வீடு இருந்தால் ஜி.எஸ்.டி. ரோட்டில் போகும் நேரம் எல்லாம் தனி. எச்.ஆர். சொல்வதை மட்டும் நம்பாதீர்கள், அங்கே வேலை பார்க்கும் ஒருவரிடம் போன மூன்று மாத ரோஸ்டரைக் காட்டச் சொல்லுங்கள். ஆஃப் நாளில் எத்தனை முறை கூப்பிட்டார்கள் என்றும் கேளுங்கள்.

அடுத்தது லைசென்ஸ் கையில் வந்ததும் சம்பளம் எகிறிவிடும் என்ற கணக்கு. விமானத் துறையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏ கொடுக்கும் பி1.1 (இன்ஜின், விமான உடல்) அல்லது பி2 (மின், மின்னணு) லைசென்ஸ் முதல் படி. அதில் ஏ320, ஏடிஆர் என்று ஒரு டைப், அதாவது விமான ரகம், ஏற வேண்டும், அதற்குமேல் கையெழுத்துப் போடக் கம்பெனி தரும் ஆத்தரைசேஷன் வர வேண்டும். அதன்பிறகுதான் விமானத்தை ரிலீஸ் செய்து சி.ஆர்.எஸ். (பறக்கத் தயார் என்ற சான்று) கையெழுத்துப் போட முடியும், பெரிய சம்பளமும் அந்தக் கையெழுத்துக்குத்தான். அதுவரை கையில் வருவது டெக்னீஷியன் சம்பளம். அது எவ்வளவு மனக்கசப்பு தரும் என்பதற்கு 2022 ஜூலையில் இண்டிகோ டெக்னீஷியன்கள் பலர் சம்பளப் பிரச்சினையில் ஒரே நேரத்தில் மெடிக்கல் லீவ் போட்டதே சாட்சி. ஆகவே "டைப் கோர்ஸுக்கு எப்போது அனுப்புவீர்கள், விலக முடியாத பாண்ட் ஒப்பந்தம் எத்தனை வருஷம், நடுவில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும்" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். இன்னொன்று, கடைசி 24 மாதத்தில் 6 மாதமாவது பராமரிப்பு அனுபவம் காட்டினால்தான் லைசென்ஸின் அதிகாரத்தைப் பயன்படுத்த முடியும். குழந்தை பிறப்பு, பெற்றோரின் உடல்நலம் என்று நீண்ட இடைவெளி எடுக்க நினைப்பவர்கள், குறிப்பாகப் பெண்கள், இதை முன்கூட்டியே கணக்கில் வைத்துக்கொள்வது நல்லது.

ஓவர்டைமை நம்பி வீட்டு லோன் போடுவதைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். ஹேங்கரில் (விமானக் கொட்டகையில்) சி செக் என்ற பெரிய பரிசோதனைக்கு விமானங்கள் வரிசையாக நிற்கும் மாதங்களில் ஓவர்டைம் கொட்டும், அந்தத் தொகையைப் பார்த்து இஎம்ஐ முடிவு செய்துவிட்டால், அப்புறம் வேலை குறைந்த மாதத்தில் பணமும் இல்லை, வேலை நிறைந்த மாதத்தில் லீவும் எடுக்க முடியாது. அடிப்படைச் சம்பளத்தில் அடங்காத கடன் வேண்டவே வேண்டாம்.

இரவு வேலை பழகிவிடும் என்பார்கள். விமானம் பகலில் பறந்து சம்பாதிக்கிறது, நமக்குக் கிடைப்பது இரவில் நிற்கும் சில மணி நேரம், அதனால் இரண்டு பயணத்துக்கு நடுவே ஏர்போர்ட்டிலேயே பார்க்கும் லைன் மெயின்டனன்ஸில் இரவைத் தவிர்க்கவே முடியாது. ஆனால் அதிகாலை 2 முதல் 6 வரை உடம்பு தானாகவே தளரும், எத்தனை வருஷ அனுபவம் இருந்தாலும். 1990 ஜூனில் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் ஹேங்கரில் அப்படி ஒரு அதிகாலையில், ஆள் பற்றாக்குறையால் ஷிஃப்ட் மேனேஜரே ஒரு பிஏசி 1-11 விமானத்தின் முன்கண்ணாடியை மாற்றினார். பழைய போல்ட்டோடு கண்ணால் ஒப்பிட்டுப் புதியதை எடுத்தார். 90 போல்ட்டில் 84 போல்ட் விட்டத்தில் 0.026 அங்குலம் குறைவு. பிரிட்டிஷ் ஏர்வேஸ் 5390 என்ற அந்த விமானம் 17,300 அடியில் ஏறிக்கொண்டிருந்தபோது கண்ணாடி பிய்த்துக்கொண்டு போனது, கேப்டன் பாதி உடம்பு வெளியே இழுக்கப்பட்டார், கேபின் ஊழியர்கள் அவரைப் பிடித்துக்கொண்டே இருக்க, துணை விமானி இறக்கினார். எல்லோரும் பிழைத்தார்கள். தூக்கத்தைச் சொந்த விஷயம் என்று நினைப்பவர்களிடம் நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன். வேலைத் திட்டமும் ஷிஃப்டும் மனித உடலின் வரம்புகளைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று பராமரிப்பு நிறுவனங்களுக்கான டிஜிசிஏவின் சிஏஆர்-145 விதியே சொல்கிறது, அதனால் இன்டர்வியூவில் ரோஸ்டர் பற்றிக் கேட்கத் தயங்காதீர்கள்.

வளைகுடா ஆஃபர் வந்தால் வரி இல்லாத தொகை கண்ணைப் பறிக்கும். வீட்டு வாடகை, குடும்ப விசா, பள்ளிக் கட்டணம் யார் தருகிறார்கள் என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். குடும்பம் ஊரில், நீங்கள் மட்டும் அங்கே என்றால் அந்தக் கணக்கே வேறு. ஓசூர், ஷம்சாபாத் (ஹைதராபாத்) ஹேங்கர்களையும் மறந்துவிடாதீர்கள், ஹேங்கருக்குள் நடக்கும் பேஸ் வேலையில் தொகை சற்றுக் குறைந்தாலும் லைனை விட நாட்கள் ஒழுங்காக இருக்க வாய்ப்பு அதிகம், விமானம் நிற்கும் ஏப்ரன் தளத்து வெயிலும் இல்லை.

கடைசியாக, வீட்டில் சொல்லாமல் முடிவெடுப்பது. எங்கள் வீட்டில் ரோஸ்டர் வந்ததும் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுவோம், என் மனைவி நைட் நாட்களைச் சிவப்புப் பேனாவில் வட்டமிடுவாள். அந்த நாட்களில் காலிங் பெல் சுவிட்சை அணைத்துவிடுவோம், குக்கர் காலை எட்டு மணிக்கு முன்பே இறங்கிவிடும், படுக்கையறையில் தடித்த திரை. பொங்கலோ தீபாவளியோ வட்டத்துக்குள் விழுந்தால் மறுநாள் கொண்டாடுவோம். கல்யாணத்துக்கு முன், பெண் பார்க்கப் போன அன்றே ரோஸ்டர் தாள் ஒன்றை எடுத்துப் போய்க் காட்டி இதையெல்லாம் சொல்லிவிட்டேன். அவள் கேட்டது ஒன்றுதான்: "ஆஃப் நாள் உறுதியா?"