ஹை-ரெஸ் அசலா, அப்சாம்பிளா? சோதிக்கும்போது சறுக்கும் இடங்கள்

சிடியைவிடத் துல்லியமானது என்று ஹை-ரெஸ் பெயரில் விற்கும் ஃபைல், உண்மையில் குறைந்த ரேட்டில் இருந்ததை எண்ணிக்கையை மட்டும் கூட்டி (அதுதான் அப்சாம்பிள்) மாற்றியதாகவும் இருக்கலாம். எந்த நேரத்தில் எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்பதை நிறத்தில் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராம் படத்தை அனுப்பி "இது ஒரிஜினலா, ஏமாற்றா?" என்று கேட்பவர்கள் திரும்பத் திரும்ப அதே பள்ளங்களில்தான் விழுகிறார்கள். பெரும்பாலும் ஆரம்பத்தில் நானும் விழுந்து எழுந்த பள்ளங்கள் என்பதால் கோபப்பட முடிவதில்லை, ஒன்றைத் தவிர. ஃபைல் பெயரில் 192 கிலோஹெர்ட்ஸ் என்று போட்டிருப்பதை நம்பக்கூடாது, எம்பி3-ஐ ஃப்ளாக்காக (தரம் இழக்காமல் சுருக்கும் வடிவமாக) மாற்றினால் தரம் கூடிவிடாது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதைத் தாண்டிப் போகிறேன்.

"22 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே நிறம் தெரிகிறது, அப்படியானால் அசல்"

இன்றும் எனக்கு எரிச்சல் வருவது இதைக் கேட்டால்தான்.

சிடியின் சாம்பிள் ரேட், அதாவது விநாடிக்கு எத்தனை முறை ஒலியை அளக்கிறது என்பது, 44.1 கிலோஹெர்ட்ஸ் (இனி வெறும் எண்ணாகச் சொல்லும் ரேட்டும் உயரமும் கிலோஹெர்ட்ஸ்தான்). அதில் பாதி, அதாவது 22.05 வரைக்கும்தான் அதில் ஒலி நிற்கும். அதை எடுத்து 96-க்கு ஒழுங்காக அப்சாம்பிள் செய்தால் படம் 22.05-ல் கத்தியால் வெட்டியதுபோல் நின்றுபோய், மேலே கருப்பாக இருக்கும். இதுவரை சரி. ஆனால் இதைக் கற்றுக்கொண்ட கையோடு தலைகீழாகவும் பிடித்துக்கொள்கிறார்கள்: மேலே கருப்பாக இல்லையே, அப்போது அசல்தானே? இல்லை. மேலே நிறம் வருவதற்கு இசை காரணமாக இருக்கவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் கிடையாது.

நண்பர் ஒருவர் பழைய ஆல்பம் ஒன்றின் 24 பிட் (ஒவ்வொரு சாம்பிளின் நுணுக்கம்), 96 கிலோஹெர்ட்ஸ் பதிப்பைக் காசு கொடுத்து வாங்கினார். படத்தில் 48 வரைக்கும் ஆரஞ்சு. வந்த சந்தோஷத்தில் ஹார்டு டிஸ்க்கில் இருந்த சிடி ரிப்பை (சிடியிலிருந்து எடுத்த நகலை) அழித்தார், சிடியையும் யாருக்கோ தூக்கிக் கொடுத்தார், அதற்கு அப்புறம்தான் படம் எனக்கு வந்தது. பெரிதாக்கிப் பார்த்தால் 22-க்கும் 26-க்கும் நடுவே ஒரு மெல்லிய கருப்புப் பட்டை, எல்லாப் பாடல்களிலும் அதே அகலத்தில். அதற்கு மேல் தொடங்கும் ஆரஞ்சு, உயர உயர அடர்த்தியாகிறது. பாட்டு முடிந்து எல்லாம் அடங்கிய பின்னும் அந்த ஆரஞ்சு மட்டும் அப்படியே நிற்கிறது. இசை இப்படி நடந்துகொள்ளாது. உயரப் போகப் போக மெலியும், வாத்தியம் நின்றால் தானும் நிற்கும்.

அவர் பார்த்தது டிஎஸ்டி இரைச்சல். எஸ்ஏசிடி எனும் உயர்தர இசைத்தட்டில் இருக்கும் டிஎஸ்டி வடிவத்தில் ஒரு சேனலுக்கு விநாடிக்கு 28,22,400 சாம்பிள்கள், ஒவ்வொன்றும் ஒரே ஒரு பிட். ஒரு பிட்டில் இரைச்சல் ஏகத்துக்கு வரும் என்பதால், அதைக் காதுக்கு எட்டாத உயரத்துக்குத் தள்ளிவிடுவார்கள். இந்த ஆல்பத்தில் 44.1 மாஸ்டரை (வெளியீட்டுக்கு இறுதியாக்கிய பதிவை) டிஎஸ்டி ஆக்கி, அந்த டிஎஸ்டியை மறுபடி 96 ஆக்கி விற்றிருக்கிறார்கள். இசை 22-ல் முடிந்துவிட்டது, இரைச்சல் 26-ல்தான் தலைகாட்டுகிறது, நடுவில் ஒன்றுமே இல்லை. போதாக்குறைக்கு, புது மாஸ்டரில் சத்தத்தை ஏற்றி அமுக்கி வைத்திருந்தார்கள். அழித்த சிடி ரிப்தான் நல்ல பதிப்பு. புதிய ஃபைலை 44.1-க்கு இறக்கிப் பழையதைத் திரும்பப் பெறலாமே என்று கேட்டார். முடியாது.

மேலே நிறம் வர இன்னும் இரண்டு வழிகள் உண்டு. மட்டமான ஃபில்டரை வைத்து அப்சாம்பிள் செய்தால், கீழே இருப்பது 22.05-ஐ அச்சாக வைத்து மேலே மடங்கி விழும். 20-ல் ஒரு கோடு இருந்தால் 24.1-ல் அதற்கொரு பிம்பம். சிம்பல் தட்டும் இடத்தைப் பாருங்கள்: 22-ஐ நெருங்கும்போது மெலிந்து, தாண்டியதும் மறுபடி தடித்தால் அது பிம்பம்தான். இன்னொன்று, அப்சாம்பிள் செய்த பிறகு லிமிட்டர் (உச்சங்களை அமுக்கும் கருவி) போடுவது. உச்சங்களில் அலை சிதைந்து புது ஹார்மோனிக்குகள் (மூல ஒலியின் மடங்குகளான அதிர்வெண்கள்) முளைக்கும். பலத்த டிரம் அடிகளில் மட்டும் செங்குத்துக் கோடுகள் உச்சிவரை எழும், அடிகளுக்கு நடுவே மேல்பகுதி வெறுமையாகக் கிடக்கும்.

ஆகவே படத்தில் முதலில் பார்க்கவேண்டிய இடம் சத்தமான இடம் அல்ல, பாட்டு தொடங்குவதற்கு முன்னும் முடிந்த பின்னும் வரும் அமைதி. அப்புறம் 20-க்கும் 28-க்கும் இடைப்பட்ட பகுதியை மட்டும் பெரிதாக்கிப் பார்க்கவேண்டும்.

"22-ல் நிற்கிறது, அப்படியானால் மோசடி"

வெட்டு வேறு, சரிவு வேறு. பல மைக்குகள் 20 கிலோஹெர்ட்ஸைத் தாண்டியதும் தளர்ந்துவிடும். தனிக்குரல் பாட்டில் அந்த உயரத்தில் பெரிதாக எதுவும் இருக்காது. அங்கே படம் மெதுவாகச் சரிந்து இரைச்சலில் கரையும். எந்த வாத்தியம் வந்தாலும் ஒரே உயரத்தில் நேர்கோடாக நின்றால்தான் சந்தேகப்படவேண்டும். அந்தக் கோடு 24-ல் இருந்தால் மூலம் 48 கிலோஹெர்ட்ஸ்.

எப்போது, எதில் பதிவு செய்தார்கள் என்பதையும் தேடிப் பாருங்கள். 1980-களில் சோனி பிசிஎம்-1610 மாதிரியான கருவியில் நேரடியாக டிஜிட்டலில் பதிவானது 16 பிட், 44.1 மட்டுமே. அதற்கு 192 பதிப்பு வந்தால் படமே எடுக்கவேண்டாம். அதே காலத்தில் அனலாக் டேப்பில் பதிவானதென்றால் கதை வேறு.

இத்தனைக்கும் விற்பவர்கள் சட்டப்படி மாட்டுவது கஷ்டம். 2014-ல் டிஜிட்டல் என்டர்டெயின்மென்ட் குரூப்பும் பெரிய இசை நிறுவனங்களும் சேர்ந்து வெளியிட்ட ஹை-ரெஸ் வரையறையில் மாஸ்டர் மூலத்துக்கு நான்கு பிரிவுகள். அதில் ஒன்று சிடி மாஸ்டரிலிருந்து எடுத்தது. சிடியைவிட மேலானது என்று சொல்லிவிட்டு, சிடியையும் உள்ளே விட்டுவிட்டார்கள்.

24 பிட் என்றால் 24 பிட்

கடைசி 8 பிட்டும் பூஜ்யமாகவே இருந்தால் 16 பிட்டை நீட்டியிருக்கிறார்கள். ஃப்ளாக் இதைக் கண்டுகொண்டு சுருக்கிவிடும், அதனால் ஃபைல் 16 பிட் அளவிலேயே இருக்கும். ஆனால் அந்த பிட்டுகள் நிரம்பியிருப்பதால் எதுவும் நிரூபணமாகாது. ஒலியளவைத் துளி மாற்றினாலே, அப்சாம்பிள் செய்தாலே, கணக்கில் வரும் பின்னங்கள் அந்த இடங்களை நிரப்பிவிடும்.

டாக்கில் (டிஜிட்டலை அனலாக் ஒலியாக்கும் கருவியில்) 192 எரிகிறது

எரியத்தான் செய்யும். விண்டோஸ் மிக்சர் வழியாகப் போனால், நீங்கள் அமைத்துவைத்த ரேட்டுக்கு எல்லாவற்றையும் மாற்றித்தான் அனுப்பும்.

காது

வேண்டாம்.

காட்சி அமைப்பைப் பார்க்காமல் தீர்ப்பு

ஆடாசிட்டி மென்பொருளில் ஸ்பெக்ட்ரோகிராமின் மேல் எல்லை 20,000 ஹெர்ட்ஸில் இருந்தால், தேடுகிற இடமே திரையில் இருக்காது. எல்லையை ஏற்றுங்கள், டெசிபல் வீச்சை 120-க்காவது கூட்டுங்கள், மெல்லிய இரைச்சல் அப்போதுதான் தெரியும்.

ஒரே பாடலைப் பார்ப்பது

தொகுப்பு ஆல்பங்களில் பாட்டுக்குப் பாட்டு மூலம் மாறும். எல்லாவற்றையும் பாருங்கள். பணத்தைத் திருப்பிக் கேட்பதாக இருந்தால் பாடலின் பெயர், நிமிடம், அமைதியான இடத்தின் படம் ஒன்று, சத்தமான இடத்தின் படம் ஒன்று, இவ்வளவையும் சேர்த்து அனுப்புங்கள். "கேட்க நன்றாக இல்லை" என்று எழுதினால் உங்கள் ஸ்பீக்கரைச் சரிபார்க்கச் சொல்லிப் பதில் வரும்.