உக்ரைனில் உதவப் போகிறவர்களுக்கு
முதலில் ஓர் அமைப்பிடம் எழுத்து மூலம் அழைப்பு வாங்குங்கள். என்ன வேலை, எங்கே தங்கல், யார் பொறுப்பு என்பது அதில் இருக்கவேண்டும். சொல்லாமல் போய் இறங்குபவர் அங்குள்ளவர்களுக்குச் சுமைதான். 2022 பிப்ரவரி 24 முதல் பயணிகள் விமானம் இல்லை. போலந்தின் பிஷெமிஷலில் இருந்து மேற்கு உக்ரைனின் லிவிவ் நகருக்கு ரயிலில் போகலாம். சாதாரணப் பயணக் காப்பீடு பெரும்பாலும் போர்க்காயத்துக்குப் பணம் தராது.

சைரன் ஒலித்தால் பதுங்கிடத்துக்குப் போங்கள். நேரமில்லையென்றால், வெளிப்புறத்துக்கும் உங்களுக்கும் நடுவே இரண்டு சுவர்கள் இருக்குமாறு ஜன்னலில்லாத நடைவழியில் உட்காருங்கள். முதல் சுவர் வெடிப்பின் வேகத்தை வாங்கும், இரண்டாவது சிதறல்களைத் தடுக்கும்.

கை, கால் காயத்தில் ரத்தம் பீறிட்டால் டூர்னிக்கேயை (ரத்தத்தை நிறுத்தக் குச்சியால் முறுக்கி இறுக்கும் பட்டை) காயத்துக்கு 5–7 செ.மீ. மேலே, உடலை நோக்கிய பக்கத்தில், மூட்டின்மேல் படாமல் கட்டி, ரத்தம் நிற்கும்வரை முறுக்குங்கள். கட்டிய நேரத்தை எழுதுங்கள். வலியில் கதறினாலும் தளர்த்தாதீர்கள். அரைகுறை இறுக்கம் ரத்தப்போக்கைக் கூட்டிவிடும்.