பாம்பன் காற்றை வைத்து மீடியா பாடம் நடத்துவது எப்படி?

கம்ப்யூட்டர் சயின்ஸ் பிள்ளைகளுக்கு மீடியா பாடம், அதாவது ஒலியையும் படத்தையும் புரோகிராமில் கையாளும் பாடம், எடுக்கப் போகிறீர்களா? முதல் வகுப்பிலேயே போர்டில் ஒலியை அதிர்வெண்களாகப் பிரிக்கும் ஃபூரியர் சமன்பாட்டை எழுதிவிடாதீர்கள். மண்டபமோ பாம்பனோ கீழக்கரையோ, எது பக்கமோ அந்தக் கரைக்குச் செல்போனோடு அனுப்புங்கள். விசைப்படகு எஞ்சின், மீன் ஏலம், பாலத்தில் ரயில், எதுவானாலும் பத்து விநாடி போதும். (ஏலத்தில் ஆட்களிடம் கேட்டுவிட்டுப் பதியச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் திட்டு விழும்.)

போனில் பதிவது பெரும்பாலும் எம்4ஏ கோப்பாக வரும், சைபை (பைத்தானின் கணக்கு நூலகம்) அதைத் திறக்காது. கோப்பு மாற்றும் கருவியான எஃப்எஃப்எம்பெக் வைத்து 44100 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு அத்தனை எண்), 16 பிட், மோனோ (ஒற்றைத் தடம்) வேவ் கோப்பாக மாற்றி பைத்தானில் திறந்தால் 4,41,000 எண்கள் கொண்ட ஒரு அர்ரே (எண் வரிசை), அவ்வளவுதான். அர்ரே அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும், அதனால் பயம் போய்விடும்.

சத்தத்தை இரண்டு மடங்காக்கச் சொல்லுங்கள். இரண்டால் பெருக்குவார்கள், கரகரவென்று வரும். ஏன் என்று நீங்கள் சொல்லாதீர்கள், எண்களை அச்சிட்டுப் பார்க்கட்டும். 20000 இரண்டு மடங்கானால் 40000, ஆனால் 16 பிட்டில் 32767க்கு மேல் இடமில்லை, அது சுற்றிக்கொண்டு -25536 ஆகிவிடுகிறது.

அடுத்து 4000 ஹெர்ட்ஸ் விசில் ஒன்றை நம்பையில் (பைத்தானில் அர்ரேக்கான நூலகம்) உண்டாக்கி, எட்டுக்கு ஒரு எண்ணை மட்டும் வைத்து, விநாடிக்கு 5512 எண் என்ற வேகத்தில் ஓடவிடுங்கள். சுமார் 1512 ஹெர்ட்ஸில், இல்லாத ஒரு சுருதி கேட்கும். ஒரு சுருதியைப் பதிய விநாடிக்கு அதன் அதிர்வெண்ணைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் எண்கள் வேண்டும் என்ற நைக்விஸ்ட் விதியை அப்போது எழுதுங்கள், ஒருத்தரும் தூங்கமாட்டார்கள்.

அப்புறம் காற்று. ஆனி, ஆடியில் கச்சான் காற்றில் பதிந்தது எதுவும் சுத்தமாக இருக்காது. காற்றிரைச்சலின் பெரும்பகுதி தாழ்ந்த அதிர்வெண்ணில்தான் இருக்கும், சைபையில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் ஹைபாஸ் ஃபில்டர் இரண்டு மூன்று வரிதான். ஏலக்குரல் தெளிந்துவிடும் (பழைய டெலிஃபோனே 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் அனுப்பியது), ஆனால் எஞ்சின் பதிந்தவனுக்குக் காற்றோடு எஞ்சினின் அதிர்வும் போய்விடும். அந்தச் சண்டையை வகுப்பில் நடக்கவிடுங்கள், பாடமே அதில்தான் இருக்கிறது. பக்கத்து எண்களின் சராசரியை எடுக்கும் ஒரு ஃபில்டரையாவது ஃபார் லூப் போட்டுக் கையால் எழுதவையுங்கள், இல்லாவிட்டால் எல்லாமே மந்திரமாகிவிடும்.

படத்துக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தனுஷ்கோடி போட்டோவை ஓப்பன்சிவி என்ற பட நூலகத்தில் திறந்து, மேட்பிளாட்லிப் என்ற வரைபட நூலகத்தில் காட்டினால் நீலக் கடல் செம்மண் நிறத்தில் நிற்கும். ஓப்பன்சிவி நிறங்களை நீலம்-பச்சை-சிவப்பு வரிசையில் வைத்திருக்கிறது, மற்றது சிவப்பை முதலில் எதிர்பார்க்கிறது. வரிசையைத் திருப்பினால் சரி.

பிராசஸிங் (படத்துக்கு), ப்யூர் டேட்டா (ஒலிக்கு) இரண்டும் நல்ல கருவிகள்தான், ஆனால் செமஸ்டர் நடுவில் கருவியை மாற்றாதீர்கள்.

மார்க் போடும்போது புரோகிராமைப் பார்க்காதீர்கள், அது எங்கிருந்தும் வரும். ஃபில்டருக்கு முன்னும் பின்னுமாக இரண்டு வேவ் கோப்பு, எந்த அதிர்வெண்ணில் வெட்டினேன், ஏன் என்று நாலு வரி, அவ்வளவு கேளுங்கள். அவரவர் பதிவுக்கு அந்த எண் வேறாகத்தான் வரும்.